வரையாட்டின் வீட்டுக்குப் போகுமுன்



"சுவாமி, இந்த வருஷமும் மூணாறு உண்டா?" என்று பூசை முடிந்ததும் சிறுவர் முதல் பாட்டிமார் வரை என்னை வழிமறித்துக் கேட்கிறீர்கள். உண்டு. மே மாதத்தில் போகத்தான் போகிறோம். ஆனால் பெயர் கொடுக்குமுன் இந்தப் பாடத்தை வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சென்ற ஆண்டுப் பிரயாணத்தில் ஒரு வெட்கக்கேடு நடந்தது. செய்தவர் யார் என்று நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். செய்தவன் நான்தான்.

இராஜமலையில், வனத்துறையின் வண்டியிலிருந்து இறங்கி மேலே நடந்துகொண்டிருந்தோம். பாதையோரத்தில் ஒரு தாய் ஆடு, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. பத்தடி தூரம்கூட இல்லை. என் அங்கிப் பையில் உப்பு பிஸ்கத்துப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஆசை யாரை விட்டது? ஒன்றை எடுத்து நீட்டினேன். அது மூக்கை நீட்டி வாங்கிக்கொண்டது. நான் திரும்பிப் பார்க்குமுன் எனக்குப் பின்னால் நம் பிள்ளைகள் பத்துப் பேர் முறுக்கும் காராச்சேவுமாகப் பொட்டலங்களைப் பிரித்துவிட்டார்கள். காகிதங்கள் காற்றில் சரிவெங்கும் பறந்தன.

காவலர் ஓடி வந்தார். முதுவர் குலத்தைச் சேர்ந்த பெரியவர். அவர் கத்தவில்லை. ஆடுகள் மேலேறிப் போகும்வரை பேசாமல் நின்றார். பிறகு, "ஃபாதர், நீங்களே குடுத்தா பிள்ளைங்க குடுக்காம என்ன செய்யும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு, சரிவில் இறங்கி அந்தக் காகிதங்களைத் தாமே பொறுக்கினார். அபராதம் கேட்டிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் கேட்கவில்லை.

ஒரு பிஸ்கத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துத் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறேன்.

வரை என்றால் மலை. அதனால் அது வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில், தமிழகத்திலும் கேரளத்திலும் தவிர, உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. 2025-ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது எல்லாமாக 2,600-க்குச் சற்று மேல் இருந்தன. அவற்றில் 800-க்கு மேற்பட்டவை இந்த ஒரே இரவிகுளம் பூங்காவில். நம் பங்குத் திருவிழாத் தேர்ப்பவனிக்கு வரும் கூட்டத்தைவிடக் குறைவாக ஓர் இனம் முழுவதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகத் தாய் ஒரு ஈற்றில் ஒரே குட்டிதான் போடும். குட்டிகள் பிறக்கும் காலம் பார்த்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவது வழக்கம். அப்போது யார் சிபாரிசு பிடித்தாலும் உள்ளே விடமாட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் ஊரார் நுழையாதிருப்பது நம்மிடமும் உள்ள மரியாதைதானே?

இந்த ஆடுகள் மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்பதற்கும் காரணம் உண்டு. மற்ற இடங்களில் வரையாடு மனித வாடை பட்டாலே பாறைக்கு மேல் ஏறி மறைந்துவிடும். இராஜமலையில் பல தலைமுறைகளாக வேட்டை இல்லாததால் பயம் தெளிந்துவிட்டது. அந்த நம்பிக்கையைத்தான் நான் பிஸ்கத்தால் கெடுத்தேன். தின்பண்டத்துக்குப் பழகிய தாய் புல்லை விட்டுச் சாலைக்கு இறங்கும்; குட்டி தாயைப் பார்த்துக் கற்கும்; சாலையில் வண்டிகள் வரும். உப்பு ஒட்டிய பிளாஸ்டிக் உறையையும் சேர்த்துத் தின்றால் அது வயிற்றில் அடைத்துக்கொள்ளும், வெளியேறாது. நம் வீட்டுப் பசுக்களுக்கு நேர்வதை நாமே பார்த்திருக்கிறோம். சங்கீதங்களில் ஓரிடத்தில், உயர்ந்த மலைகள் காட்டாடுகளுக்கு உரியவை என்று வருகிறது. அங்கே நாம் விருந்தாளிகள்.

இந்தப் பூங்கா எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணன் தேவன் மலைகள் பூஞ்சாற்று அரச குடும்பத்தின் வசம் இருந்தன. 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயர் அவற்றைக் குத்தகைக்குப் பெற்றார். பிறகு தேயிலை வந்தது. நம் ஜில்லாக்களிலிருந்து ஏழைகள் கூட்டம் கூட்டமாக மலையேறிக் கொழுந்து கிள்ளப் போனார்கள். தேயிலை ஏறாத உயரப் புல்வெளிகளைத் துரைமார் வேட்டைக்கு வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் அவர்களே காவலும் போட்டார்கள். வேட்டைக்காரனே வேலி கட்டிய கதை! 1971-இல் கேரள அரசு சட்டம் இயற்றி நிலங்களை மீட்டது. 1975-இல் இது சரணாலயம். 1978-இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். இமயத்துக்குத் தெற்கே மிக உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் நிற்கிறது.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு வழியில் ஒருவர், "இவ்வளவு மலையும் மொட்டையாகக் கிடக்கிறதே, மரம் நட்டால் என்ன?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனால் அது மொட்டை மலை அல்ல. மேலே புல், மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலைக்காடு என்பதுதான் அந்த உயரத்தின் இயற்கை அமைப்பு. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது புல்லின் வேரும், அதன் கீழுள்ள கறுத்த மண்ணும் ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோலைகளின் வழியே ஓடைகளில் விடுகின்றன. இந்த மலைத்தொடரில் பல இடங்களில் வெளிநாட்டுச் சீகையையும் தைலமரத்தையும் நட்டு, அவை புல்வெளியை விழுங்கிய பிறகுதான் அறிவு வந்தது. இப்போது அவற்றை வெட்டியெடுத்துப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மேற்குச் சரிவில் விழும் துளி பெரியாற்றோடு போய் அரபிக்கடல் சேர்கிறது. கிழக்குச் சரிவில் விழுவதோ, லக்கம் அருவியாக விழுந்து, பாம்பாற்றில் கலந்து, மறையூரைக் கடந்து, சின்னாற்றோடு சேர்ந்து, 1957-இல் கட்டி முடித்த நம் அமராவதி அணைக்குள் வருகிறது. நம் ஊர் வாய்க்காலில் ஓடுவது அதுதான். உங்கள் நெல்லும் கரும்பும் தென்னையும் குடிப்பது அதுதான். உங்கள் குழந்தைகளின் தலையில் நான் ஞானஸ்நானத்துக்கு வார்க்கும் தண்ணீரிலும் அந்தப் புல்வெளியின் பங்கு உண்டு.

இதைத் தெரிந்துகொண்டபின் சென்ற ஆண்டை நினைத்துப் பாருங்கள். திரும்பும் வழியில் லக்கம் அருவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எழுந்தபோது பாறை இடுக்குகளில் பாலிதீன் பைகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் கிடந்தன. யாரோ காலால் ஓடையில் தள்ளிவிட்டதை நான் கண்டும் காணாதவன்போல் பேருந்து ஏறினேன். காலையில் பிஸ்கத்து கொடுத்தவனுக்கு மாலையில் கண்டிக்க வாய் எப்படி வரும்? நம் குப்பையை நாமே நம் அணைக்கு அனுப்பி வைத்தோம். ஆத்தும சோதனை செய்யும்போது பொய், கோபம், பூசை தவறியது எல்லாம் நினைவுக்கு வரும், இது வராது. 2015-இல் பிரான்சிஸ் பாப்பரசர், சிருஷ்டியைப் பேணுவது பற்றியே முழுச் சுற்றுமடல் ஒன்று எழுதியதை நாம் பிரசங்கத்தில் கேட்டோம், தலையாட்டினோம். புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அன்று எனக்கே தோன்றவில்லை.

குறிஞ்சி பூத்திருக்குமா என்று மாதா சபைப் பெண்கள் கேட்கிறார்கள். பூத்திராது. நீலக்குறிஞ்சி அங்கே 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. பன்னிரண்டு வருஷம் வளர்ந்து, ஒரே ஒரு முறை பூத்து, விதை உதிர்த்துவிட்டுச் செடி செத்துப்போகும். அந்த விதைதான் அடுத்த பன்னிரண்டு வருஷம். ஆகவே தலையில் சூட ஒரு கொத்து ஒடித்தால், அந்தச் செடி தன் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்ததை ஒடித்தோம் என்று அர்த்தம். 2030-இல் எந்தச் சுவாமியார் உங்களை அழைத்துப் போவாரோ, அவருக்காக இப்போதே சொல்லிவைக்கிறேன்.

காவலரைப் பற்றி இன்னொரு வார்த்தை. முதுவர்கள் அந்த மலையின் பழங்குடிகள். பூங்காவுக்குள் லக்கம் குடியில் இன்றும் வாழ்கிறார்கள். கோடையில் தீ பரவாதிருக்க, முன்கூட்டியே புல்லைக் கோடு கோடாக எரித்து வழி விடுவது அவர்கள் கைவேலை. காற்று எப்போது திரும்பும் என்று அறிந்தவன்தான் அதைச் செய்ய முடியும். பீடித் துண்டை எறிகிறவர் அந்த உழைப்பை ஒரு நொடியில் சாம்பலாக்கிவிடலாம். நம் ஆண்பிள்ளைகள் சிலருக்கு இது புரியும்.

இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் லயங்களின்மேல் விழுந்தது. எழுபது பேர் மாண்டார்கள். தமிழ்க் குடும்பங்கள், பலருடைய சொந்த ஊர் தூத்துக்குடி ஜில்லாவின் கயத்தாறுப் பக்கம். மலை என்றதும் நமக்குக் குளிரும் படமும்தான் நினைவு வருகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது வேறு. இராஜமலையில் இறங்கியதும், ஆடுகளைத் தேடுமுன், அந்த எழுபது ஆத்துமாக்களுக்காக ஒரு நிமிஷம் நின்று ஜெபிப்போம். சத்தமாக வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

பிரயாண விவரம்: காலை நான்கு மணிக்குக் கோயில் வாசலில் பேருந்து நிற்கும். சின்னாற்றுக் காட்டில் யானையைக் கண்டாலும் வண்டி நிற்காது, யாரும் இறங்கக் கூடாது. மாலையில் இருட்டுமுன் காட்டைக் கடந்துவிட வேண்டும். சாப்பாடு தூக்குவாளியிலும் டிபன் டப்பாவிலும் வரட்டும். பாலிதீன் பையோடு வருபவரின் பையை உபதேசியார் வாசலிலேயே வாங்கிக்கொள்வார். வீட்டுக்கொரு சாக்குப்பை, திரும்பி வரும்போது குப்பைக்கு. மேலே மே மாதத்திலும் காலையில் குளிரும். குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை தேவை. முழங்கால் வலியுள்ளவர்கள் ஏற்றத்தை யோசித்துப் பெயர் கொடுங்கள். நுழைவுச் சீட்டை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டியிருப்பதால் வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குள் பணம் கட்டிவிட வேண்டும்.

என் அங்கிப் பையை ஏறுமுன் பீடச் சிறுவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஆடுகள் வந்தால் பார்ப்போம். மூடுபனியில் ஒன்றும் தென்படாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

உங்கள் பங்குச் சுவாமி