கலியுகக் கணக்கு: 4,32,000 என்னும் அற்புத எண்!

வீட்டில் ஹோமமோ விரதபூஜையோ எது நடந்தாலும், முதலில் சங்கல்பம் செய்துவைப்பார் சாஸ்திரிகள். இப்போது நடப்பது கலியுகம், அதிலும் முதல் பாதம் என்று அதில் வரும். கவனித்திருக்கிறீர்களா?

'கலி முற்றிவிட்டது, உலகம் அழியப்போகிறது' என்று யாராவது சொன்னால் மனசு பதறுகிறது. 2012 டிசம்பரில் கிளம்பிய புரளியை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த பயத்துக்கு மருந்து சங்கல்பத்திலேயே இருக்கிறது. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நமக்கு ஓர் ஆண்டு, தேவர்களுக்கு ஒரு நாள். உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தட்சிணாயனம் இரவு. ஆகவே தேவர்களின் ஓர் ஆண்டு, நமக்கு 360 ஆண்டுகள். கலியுகத்தின் அளவு 1,200 தேவ ஆண்டுகள். 1,200ஐ 360ஆல் பெருக்கினால் 4,32,000. இதைப்போல் இரு மடங்கு துவாபர யுகம், மும்மடங்கு திரேதா யுகம், நான்கு மடங்கு கிருத யுகம். எல்லாம் சேர்ந்தால் பத்து மடங்கு, அதாவது 43,20,000. இதுவே ஒரு மகாயுகம்.

இந்த எண்ணின் சிறப்பு என்ன? 12 ராசிகளால் வகுத்துப் பாருங்கள், 36,000. 27 நட்சத்திரங்களால் வகுத்தால் 16,000. பிரபவ முதலான 60 வருஷங்களால் வகுத்தால் 7,200. ஜபமாலையின் 108ஆல் வகுத்தால் 4,000. எதிலும் மீதியே இல்லை!

காரணம் எளிது. ஏழு 2, மூன்று 3, மூன்று 5 ஆகியவற்றைப் பெருக்கினால் கிடைப்பதே 4,32,000. இந்த மூன்று எண்களால் ஆன பலவும் இதற்குள் அடங்கிவிடும். இப்படி மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 128. கிழமைகளின் 7 மட்டும் அடங்காது. 2 மீதி வரும். ஏனெனில் இதன் பகுதிகளில் 7 இல்லை.

4, 3, 2 ஆகிய இலக்கங்களைக் கூட்டினால் 9. மற்ற மூன்று யுகங்களின் இலக்கங்களைக் கூட்டினால் 18. அதையும் கூட்டினால் 9. ஒன்பதின் மடங்குகளுக்கே உரிய குணம் இது.

வானசாஸ்திரத்துக்கும் இப்பெரிய எண் உதவியது. ஒரு மகாயுகத்துக்கு 157,79,17,828 நாட்கள் என்கிறது சூரிய சித்தாந்தம். வகுத்தால், ஓர் ஆண்டுக்கு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 36 விநாடி. இன்றைய அறிவியல் கணக்கோடு சுமார் மூன்றரை நிமிடமே வித்தியாசம்! பின்னத்தைத் தவிர்த்து, முழு எண்களிலேயே கிரகங்களின் சுற்றுகளைச் சொல்ல இவ்வளவு பெரிய காலம் தேவைப்பட்டது.

இனி நம் பயத்துக்கு வருவோம். கலி பிறந்தது கி.மு. 3102இல் என்பது மரபு. 2025 வரை 5,126 ஆண்டுகள் நிறைந்தன. மொத்தத்தில் 84இல் ஒரு பங்குகூட இல்லை! முதல் பாதமே 1,08,000 ஆண்டுகள். தொடக்கத்தில் வரும் சந்திக் காலம் மட்டும் 36,000 ஆண்டுகள். அதையே நாம் இன்னும் தாண்டவில்லை.

அடுத்த முறை 'முதல் பாதம்' என்று காதில் விழும்போது, இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு பென்சிலைக் கொடுத்து வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வீண் பயம் விலகும், நிம்மதியாக விளக்கேற்றலாம்!