சுன்னத்துக்கு நாள் குறிக்கும் முன்: பிள்ளையின் இரத்தம் உறைகிறதா?



பள்ளி விடுமுறை வந்தால் நம் பகுதியில் சுன்னத் வைபவங்களும் வந்துவிடும். பிள்ளைக்குப் புதுத்துணி, உறவினருக்கு அழைப்பு, விருந்துச் சாமான் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்க்கிறோம். அந்தப் பிள்ளையின் இரத்தம் சரியாக உறையுமா என்று கேட்பவர்கள் குறைவு. ஹீமோஃபிலியா என்னும் இரத்தம் உறையாக் குறைபாடு சில குடும்பங்களில் முதன்முதலாகத் தெரியவருவதே சுன்னத் காயத்தில்தான். ஆகவே இந்த மாதம் இதைப் பற்றிப் பேசுகிறோம்.

இரத்தம் எப்படி உறைகிறது?

காயம் பட்டதும் தட்டணுக்கள் ஓடிவந்து துவாரத்தை அடைக்கின்றன. அது தற்காலிக அடைப்புத்தான். பிறகு ‘ஃபேக்டர்’ எனப்படும் உறைபொருட்கள் ஒன்றையொன்று தூண்டி, வலை போன்ற இழைகளை உண்டாக்கி அந்த அடைப்பை உறுதியாக்குகின்றன. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்தாலும் வலை உறுதிப்படாது.

எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ‘ஏ’, ஒன்பதாவது குறைந்தால் ‘பி’. ‘ஏ’ வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. இப்பிள்ளைகளுக்கு இரத்தம் மற்றவர்களைவிட வேகமாகப் பாய்வதில்லை. நிற்காமல் நெடுநேரம் கசிகிறது. முதலில் நின்றதுபோல் தோன்றி, சில மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்குவதும் உண்டு. சாம்பலோ பொடியோ வைத்துக் கட்டுவது குறைந்துபோன ஃபேக்டருக்கு ஈடாகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தமது ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ நூலில், காயம் பட்டால் இரத்தம் நிற்காமல் இறந்துபோகும் ஆண்களைக் கொண்ட ஒரு கிராமத்தைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். இந்நோயைப் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் அதுவும் ஒன்று.

யாரிடம் விசாரிக்க வேண்டும்?

ஹீமோஃபிலியா பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. தாய்க்கு வெளியே எதுவும் தெரியாமலிருக்கலாம். எனவே தந்தை வழியில் மட்டும் விசாரித்தால் போதாது. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்திருக்காது. இதில் தாயைக் குறை சொல்வது அநியாயம்.

வேறு சில உறைவுக் குறைபாடுகள் பெற்றோர் இருவர் வழியாகவும் வருபவை. நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அவை கூடுதலாகக் காணப்படும். பெண் குழந்தைகளும் அவற்றால் பாதிக்கப்படுவார்கள்.

நாள் குறிக்கும் முன் கேளுங்கள்

1. தொப்புள்கொடி விழுந்தபோது பல நாள் இரத்தம் கசிந்ததா?
2. தடுப்பூசி போட்ட இடம் பெரிதாக வீங்கிக் கருத்ததா?
3. தவழும் வயதில் காரணமின்றி நீலத் தழும்புகள் வந்தனவா? முழங்கால், கணுக்கால் வீங்கினவா?
4. பல் முளைத்தபோது அல்லது உதடு கிழிந்தபோது இரத்தம் நிற்காமல் வந்ததா?
5. தாய்மாமன், தாயின் சகோதரி மகன், பாட்டியின் சகோதரர் யாருக்காவது சுன்னத்திலோ பல் பிடுங்கியபோதோ இரத்தம் நிற்காமல் போனதா?
6. குடும்பப் பெண்களுக்கு மாதவிலக்கிலோ பிரசவத்திலோ அளவுக்கு மீறிய போக்கு உண்டா?

ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், ஒஸ்தாவிடம் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். சாதாரண உறைவுப் பரிசோதனைகள் சரியாக இருந்தாலும் இந்த விவரங்களைச் சொல்லத் தவறாதீர்கள். பதின்மூன்றாவது ஃபேக்டர் குறைவு போன்ற சில குறைபாடுகள் அந்தப் பரிசோதனைகளில் தெரியாது.

சுன்னத்துக்குப் பின் கசிவு நிற்கவில்லையென்றால், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை கசிவைக் கூட்டும்.

சுன்னத் தவறிவிடுமா?

தவறாது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. பிள்ளையின் உடல் தாங்காதென்றால், தாங்கும் காலம்வரை தள்ளிவைக்க மார்க்கத்தில் இடமுண்டு. உங்கள் நிலைமையை ஆலிமிடம் சொல்லி விளக்கம் பெறுங்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கும், முன்னும் பின்னும் ஃபேக்டர் மருந்து செலுத்தி, மருத்துவமனையில் பாதுகாப்பாகச் சுன்னத் செய்ய முடியும். “ஊர் என்ன சொல்லும்” என்ற பேச்சுக்காக அவசரப்பட வேண்டாம்.

ஃபேக்டர் மருந்து விலை அதிகம். ஆனால் தமிழக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் ஹீமோஃபிலியா சேர்க்கப்பட்டுள்ளது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோஃபிலியா ‘ஏ’ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்ததில், அதன்பின் அவர்களுக்கு இரத்தக்கசிவு நின்றதாக 2024 டிசம்பரில் ஆய்வு வெளியானது. இது எல்லோருக்கும் கிடைக்கும் சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை என்றாலும், நம்பிக்கை தரும் செய்தி.

முறையாக மருந்து எடுக்கும் பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டுகளுக்குள் கசிந்து கசிந்து கால் முடங்கிவிடும். ஆகவே இக்குறையை மறைக்காதீர்கள். சந்தேகம் உள்ள குடும்பத்தினர் நம் அறக்கட்டளையை அணுகினால், எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று வழிகாட்டுவோம். உங்கள் விவரம் வெளியே போகாது, இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.