குமிழிக்குள் வைத்தால் மருந்துக்குப் பலம் கூடுமா?

சம்பூரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அல்லது மகரகம என்று பயணம் தொடங்கிவிடும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். ஆனால் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவுக்காரர் தொலைபேசியில் ஒரு பெயரைச் சொல்வார்: "லிப்போசோம் ஊசி கேளுங்கோ. அது நேரே கட்டிக்குள்ள போகும், மற்ற இடத்தைத் தொடாது." அதற்குக் காசு தேட நினைவுக்கு வருவது, சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015 முதல் பகுதி பகுதியாகத் திரும்பப் பெற்ற காணி. அதை ஈடு வைக்குமுன், அந்த ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சோயாவிலும் முட்டை மஞ்சட்கருவிலும் இருக்கிற லெசித்தினைத் தண்ணீரில் கலந்தால், அது தானாகவே லிப்போசோம் என்ற நுண்குமிழிகளாக மூடிக்கொள்ளும். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்துப் பாப்ரகாமில் அலெக் பாங்கம் 1960களில் இதைக் கண்டறிந்தார். 1995இல் அமெரிக்கா அனுமதித்த டொக்சில் இப்படியொரு குமிழிதான். உள்ளே இருப்பது புதுமருந்து அல்ல. கீமோ எடுத்தவர்கள் நன்றாக அறிந்த சிவப்பு ஊசி, டொக்ஸோரூபிசின்.

"நேரே கட்டிக்குள் போகும்" என்பது தவறு. குமிழி இரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. டொக்சிலின் மேல் போர்த்திய பொலிஎதிலீன் கிளைக்கோல், ஈரலும் மண்ணீரலும் அதைப் பிடித்து அழிப்பதைத் தாமதப்படுத்துவதால் அது நாட்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். கட்டியில் அவசரமாக முளைத்த இரத்தக்குழாய்கள் ஒழுகல் உள்ளவை. அங்கே சற்றுக் கூடுதலாகக் கசியும். எவ்வளவு கூடுதல்? டொரொன்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டு விலங்குச் சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கில், ஏற்றிய நுண்துகள்களில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 வீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது, "விலை கூடியது, ஆகவே பலமும் கூடியது". 2004இல் வெளியான ஆய்வொன்றில், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களில் ஒரு பாதியினருக்குச் சாதாரண டொக்ஸோரூபிசினும் மறுபாதியினருக்குக் குமிழி மருந்தும் கொடுத்தார்கள். சாதாரண ஊசி எடுத்தவர்கள் வாழ்ந்த காலம் நடுமதிப்பாக 22 மாதம். குமிழி எடுத்தவர்கள் 21 மாதம். நோயை அடக்குவதில் குமிழி முந்தவில்லை. முந்தியது இதயத்தைக் காப்பதில்: சாதாரண ஊசியில் இதயப் பாதிப்பின் அபாயம் மூன்று மடங்குக்கும் மேல். ஏற்கெனவே இதயம் பலவீனமானவருக்கும், இந்த மருந்தை முன்பே நிறைய எடுத்துவிட்டவருக்கும் இது உயிர்க்காரியம்.

பக்கவிளைவே இல்லை என்பதும் பொய்யான ஆறுதல். அதே ஆய்வில் முடி கொட்டியது 66 வீதத்திலிருந்து 20 வீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து வெடிக்கும் தொல்லை 2 வீதத்திலிருந்து 48 வீதமாக ஏறியது. நீண்ட நேரம் இரத்தத்தில் நிற்கிற மருந்து தோலிலும் கசிகிறது. வலை இழுக்கிறவருக்கும் வயலில் நிற்கிறவருக்கும் கையும் காலும்தான் சோறு. இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசியை மட்டும் புகழ்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

எல்லாக் குமிழியும் ஒன்றல்ல. 2000இல் ஐரோப்பா அனுமதித்த மயோசெட்டிலும் அதே டொக்ஸோரூபிசின்தான், ஆனால் மேற்போர்வை இல்லை. அதனால் இரத்தத்தில் அவ்வளவு காலம் நிற்பதில்லை. கைகால் தொல்லையும் அரிது. சாதாரண ஊசியோடு ஒப்பிட்டு 297 பேரில் நடந்த சோதனையில் கட்டி சுருங்கியவர்கள் இரு பக்கமும் 43 வீதம். இதயப் பாதிப்பு மட்டும் சாதாரண ஊசியில் 21 வீதம், மயோசெட்டில் 6 வீதம்.

குமிழியே ஆயுளைக் கூட்டிய இடமும் உண்டு. 2017இல் வந்த வைக்ஸியோஸ் ஊசி சைட்டரபைன், டோனோரூபிசின் என்ற இரண்டு பழைய மருந்துகளை 5:1 என்ற விகிதத்தில் ஒரே குமிழியில் அடைத்தது. 60 முதல் 75 வயதுள்ள, கடுமையான வகை இரத்தப் புற்றுநோயாளர்களில் வாழ்நாளின் நடுமதிப்பு 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமானது. அது அந்த நோய்க்கு, அந்த வயதுக்கு. மார்பகக் கட்டிக்கு அதைக் கேட்டுப் பயனில்லை.

கொழுப்பு ஏற்றினால் கொலஸ்ட்ரால் கூடுமா என்று பயப்படத் தேவையில்லை. 50 மில்லிகிராம் டொக்சிலோடு போகும் கொலஸ்ட்ரால் சுமார் 80 மில்லிகிராம். ஒரு முட்டையில் அதைப் போல இரு மடங்குக்கு மேல் இருக்கிறது.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளில் டொக்சிலை உடல் பரப்பின் சதுர மீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். சாதாரண ஊசியை 60 மில்லிகிராம் வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒன்றின் அளவில் மற்றதை ஏற்றுவது உயிராபத்து. திருகோணமலை, மட்டக்களப்பு, மகரகம என்று மூன்று இடத்துக்கு அலைகிறவர் கிளினிக் கொப்பியில் வெறுமனே டொக்ஸோரூபிசின் என்றில்லாமல், லிப்போசோம் வகையா, எந்தத் தயாரிப்பு, எத்தனை மில்லிகிராம், எந்தத் திகதி என்று ஒவ்வொரு முறையும் எழுதித் தரச்சொல்லி வாங்குங்கள்.