முதுமையில் வீடும் அயலும்

வீடு என்னும் சொல் நம் மொழியில் உறைவிடத்தையும் முத்திப்பேற்றையும் ஒருங்கே சுட்டும். முத்தியை ஆராய்தலை அதற்குரிய சான்றோரிடம் விடுத்து, யாம் ஈண்டு உறைவிடத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வாம். முதியோர் தம் வீட்டின்மீது கொள்ளும் மனநிறைவு சுவரையும் கூரையையும் பொறுத்ததா, அன்றிப் படலைக்கு வெளியேயுள்ள அயலைப் பொறுத்ததா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதை எட்டியோர். ஆதலின் இவ்வினா நம் வீட்டு வினாவேயாகும்.

இலண்டன் மாநகரின் கிழக்கே பெத்னல் கிறீன் என்றொரு பகுதி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்தில் அங்கிருந்த வீடுகள் பல நெருக்கமானவை, குளியலறை இல்லாதவை. நகர ஆட்சியினர் இளங்குடும்பங்கள் பலவற்றை எசெக்ஸ் பகுதியில் எழுந்த புதுக் குடியிருப்புக்கு மாற்றினர். ஆங்கே குளியலறை உண்டு, தோட்டமும் உண்டு. இம்மாற்றத்தை ஆராய்ந்த மைக்கேல் யங், பீற்றர் வில்மற் என்போர் 1957இல் வெளியிட்ட நூலில், வீடு சிறந்தபோதும் உறவு தேய்ந்ததைக் காட்டினர். முன்னர் நாடோறும் நடந்துவந்து தாயைக் கண்டு செல்லும் மகள், பின்னர் நெடுந்தூரப் பயணஞ் செய்யவேண்டியவளானாள். இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது தாயின் நிலையையே. அவள் குடிபெயரவில்லை; அவள் வீட்டில் ஒரு செங்கல்லேனும் மாறவில்லை. ஆயினும் அவ்வீடு பழைய வீடாக இல்லை. அதே ஆண்டில் பீற்றர் ரவுன்சென்ட் என்பவர் அப்பகுதி முதியோர் 203 பேரை ஆராய்ந்து வெளியிட்ட நூல், அவர்கள் உதவி பெறுவோர் மட்டுமல்லர், பேரப்பிள்ளைகளைப் பேணி உதவி செய்வோருமாவர் என்பதை விளக்கிற்று. பிள்ளைகள் அகல, அத்தொழிலும் அவர்களை விட்டு அகன்றது.

உடல்வலி குன்றுந்தோறும் சூழலின் ஆட்சி பெருகும் என்பது அமெரிக்க உளவியலறிஞர் பவல் லோட்டன் 1968இல் முன்வைத்த கருத்து. நாற்பது வயதினர்க்கு ஒரு கல் தொலைவிலுள்ள கடை ஒரு பொருட்டன்று. எண்பது வயதினர்க்கோ ஒழுங்கையில் உடைந்து கிடக்கும் மதகே கடலாகிவிடும்.

மனநிறைவை அளத்தலும் எளிதன்று. பழுதுற்ற வீட்டில் வாழும் முதியோரும் வினவினால் நிறைவுடன் இருப்பதாகவே கூறுதல் பல நாடுகளிற் கண்ட உண்மை. நம் ஆச்சிமாரும் "ஒரு குறையுமில்லை" என்றே விடையிறுப்பர். அவ்விடையில் நெடுநாட் பழக்கமும் உண்டு. வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்னும் அச்சமும் உண்டு. எனவே, "வீடு பிடித்திருக்கிறதா?" என்பதிலும் "இன்று யார் வந்து போனார்கள்?" என்று கேட்டலே பயனுடைத்து.

இனி யாழ்ப்பாணத்தை நோக்குவாம். கதியால் வேலியும் அதிலிருந்த பொட்டும் நாமறிந்தவை. அப்பொட்டின் வழியே கறிக்கிண்ணமும் நெருப்பும் செய்தியும் சென்றன. சண்டையும் சென்றதுண்டு, மறுப்பதற்கில்லை. 1983க்குப் பின் பெருகிய புலப்பெயர்வும், வலிகாமத்தில் 1990இலும் 1995இலும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளும் அயலைக் கலைத்தன. மீண்டு வந்தோர் பலர் வீட்டைத் திருத்தினர். பக்கத்து வளவோ பற்றையாய்க் கிடந்தது. வெளிநாட்டுப் பணத்தால் வேலி நின்ற இடத்தில் உயர்ந்த மதில் எழுந்தது. பளிங்குத் தரையும் இணைந்த குளியலறையும் அமைந்த அவ்வீட்டில் தாய் தனியே இருந்து தொலைபேசியை நோக்குகின்றாள்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பெற்றோர்க்கு வீடு கட்ட முனைகின்றனர். அவர்கள் வரைபடத்தைக் காணுமுன், இருபுறமும் யார் குடியிருக்கின்றனர், கோயிலும் வாசிகசாலையும் நடைதூரத்தில் உளவா, ஒழுங்கையில் இரவில் விளக்கெரியுமா என்று விசாரித்தல் நன்று. மதில் கட்டத்தான் வேண்டுமாயின், அயல்வீட்டுப் பக்கம் ஒரு சிறு படலை விட்டுக் கட்டுக. கொத்தனாருக்கு அது அரைநாள் வேலைகூட அன்று.