குயவர் சக்கரமும் பெரிய சென்சாரும்

கேள்வி: சார், வங்கி வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேமராவோடு கிளம்பிவிடுவேன். என்னிடம் இருப்பது ஸ்டெபிலைசேஷன் உள்ள 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா. சென்ற மாதம் 50 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தேன். விடியற்காலையில் மாட்டுங்கா பூக்கடைகள், பகலில் தாராவியில் குயவர்கள் வேலை செய்யும் கும்பார்வாடா என்று முந்நூறு படம் எடுத்திருப்பேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஷேக். ஆனால் ஐந்தாறு படங்களில் தோலின் நிறமும் நிழலும் நான் இதுவரை எடுத்ததே இல்லை என்னும்படி வந்திருக்கின்றன. போரா பஜாரில் செகண்ட் ஹேண்டாக ஒன்று கிடைக்கிறது. சேமிப்பில் கை வைக்கலாமா? அல்லது எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதா?
— வாசகர், செம்பூர், மும்பை

பதில்: கையின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் பழைய கேமராவில் ஒரு படம் 6000 புள்ளி அகலம், புதியதில் 8256. இரண்டையும் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், அதே நடுக்கம் புதியதில் ஏறக்குறைய 1.4 மடங்காகத் தெரியும். ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 2016-ல் அறிவிக்கப்பட்ட ஹாசல்பிளாட் எக்ஸ்1டி, 2017-ல் விற்பனைக்கு வந்த ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் போன்ற முதல் வரிசைக் கேமராக்களின் பாடியில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. ஃபியூஜி அதை 2019-ல் ஜிஎஃப்எக்ஸ் 100-ல்தான் கொண்டுவந்தது. இத்தனை வருடம் உங்கள் பழைய கேமரா சத்தமில்லாமல் உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அந்த ஸ்டெபிலைசேஷன் இல்லாதபோது 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள். ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். கும்பார்வாடா சந்தில் ட்ரைபாட் விரித்தால் வேலை செய்பவர்களுக்கு வழி போய்விடும். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுங்கள்.

சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்திருந்தீர்களானால் அதையும் மாற்றுங்கள். அந்த சென்சார் படத்தை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க ஏறத்தாழ கால் விநாடி ஆகும். அதற்குள் குயவரின் கைகள் நகர்ந்துவிடும், சற்றே ஆடிச் சுற்றும் பானை கோணிப்போகும். நம் ஊர் மின்சாரத்தில் ட்யூப் லைட் விநாடிக்கு நூறு முறை மினுங்குவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடும் விழும்.

இனி அந்த ஐந்தாறு படங்கள். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மில்லிமீட்டர். நீங்கள் வாடகைக்கு எடுத்ததில் 43.8×32.9, பரப்பில் ஏறத்தாழ 1.67 மடங்கு. ஃபிலிம் காலத்து 6×6 நெகட்டிவ் சுமார் 56×56 என்பதை நினைத்தால் இது சின்னதுதான். பெரிய பரப்பு அதிக ஒளியைச் சேர்க்கும், நிழலுக்குள் நிறம் சாகாமல் இருக்கும். ஆனாலும் ஆதாயம் ஒரு ஸ்டாப்புக்குக் குறைவு. நீங்கள் சொல்லும் அழகு முழுவதையும் அது தந்திருக்க முடியாது. படங்களை நான் பார்க்கவில்லை. இருந்தாலும் என் ஊகம் இது: அவற்றில் இருப்பவர்கள் உட்கார்ந்தோ நின்றோ உங்களைப் பார்த்திருப்பார்கள். இந்தக் கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் மெதுவானது. அதற்காக நீங்கள் காத்திருந்தீர்கள், அவர்களும் காத்திருந்தார்கள்.

தயானிதா சிங்கின் படங்களைத் தேடிப் பாருங்கள். ஹாசல்பிளாட் ஃபிலிம் கேமராவில் பல வருடங்கள் வேலை செய்தவர்; டெல்லியைச் சேர்ந்த மோனா அஹ்மத் என்பவரோடு அவர் செய்த புத்தகம் 2001-ல் வந்தது, 2022-ல் ஹாசல்பிளாட் விருதும் பெற்றார். அந்தக் கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கலாம். எடுப்பவரின் முகம் மறையாது. ஜிஎஃப்எக்ஸ் 50எஸ்ஸின் திரையும் மேல்நோக்கி மடங்கும். குயவர் ஒருவரோடு பேசிக்கொண்டே அப்படி எடுத்துப் பாருங்கள், முகம் எவ்வளவு இளகுகிறது என்று தெரியும். தாராவிக்குக் கேமராவோடு வருபவர்கள் ஏராளம், எடுத்த படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் குறைவு. அதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். எனக்கு இது லென்ஸைவிட முக்கியம்.

மாட்டுங்கா பூக்கடைக்கு இது தோதான கேமரா இல்லை. மாலை கட்டும் விரல்களின் வேகத்துக்கும் கூடை இறக்கும் நெரிசலுக்கும் பழையதே போதும். பொங்கலன்று தாராவித் தெருவில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கும்போதும் அதையே எடுத்துப் போங்கள்.

சூளைப் புகையில் லென்ஸ் மாற்ற வேண்டாம். திறந்த சென்சாரில் தூசி படியும். மும்பை மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை வராமலிருக்க, சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா அவசியம்.

இப்போது வாங்க வேண்டாம். முதலில் அந்த ஐந்தாறு படங்களில் இரண்டை 12×16 அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். பழைய கேமராவில் அதே மாதிரி வெளிச்சத்தில் எடுத்த இரண்டு படங்களையும் அதே காகிதத்தில், அதே அளவில் போடுங்கள். இந்த அளவுக்கு 24 மெகாபிக்சலே தாராளம். ஆகவே வித்தியாசம் தெரிந்தால் அது நிறத்திலும் நிழலிலும்தான் இருக்கும். நான்கையும் சுவரில் ஒட்டி, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் கை வாடகைக் கேமராவில் எடுத்த இரண்டின் மேல்தான் போகிறது என்றால் மறுபடி ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு கும்பார்வாடாவுக்கு மட்டும் போங்கள். அதன் பிறகு போரா பஜார் போகலாம்.