மழலையர்க்கு ஏற்ற சிற்றுணவு

மழலையரின் வயிறு சிறியது. ஒரே வேளையில் மிகுதியாக உண்ண அவர்களால் இயலாது. ஆகவே ஒன்று முதல் இரண்டு வயதுவரை, நாள்தோறும் மூன்று நான்கு வேளை உணவுடன் ஓரிரு முறை சிற்றுணவும் தருமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில், அதனைப் பிற்பகல் மூன்று மணியளவில் தருதல் நன்று. காலம் தாழ்த்தித் தரும் பிஸ்கட்டு மாலையுணவின் பசியைக் கெடுக்கும். பின்னர் இரவில் குழந்தை பசித்து அழும்.

எளியவை சில காண்போம். ஊறிய அவலைத் தயிருடன் பிசைந்து, கனிந்த வாழைப்பழம் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; அம்மாவில் மென்மையான தோசை வார்க்கலாம். குழைய வெந்த பாசிப்பயற்றை மசித்துச் சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்தால், பயற்றின் இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்கும்.

ஒன்றை மறவாதிருப்போம். முழு வேர்க்கடலையும் முந்திரியும் மூச்சுக்குழலை அடைத்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும். ஐந்து வயதுவரை அவற்றைப் பொடித்தே தருவோம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குவோம். ஓடியாடும்போது ஊட்டாமல், குழந்தையை அமரச் செய்து, அருகிலிருந்தே உண்பிப்போம்.