விலையும் மதிப்பும்

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையை உறுதி செய்பவர் யார்? விற்பவரா, வாங்குபவரா, சுற்றி நின்று பார்ப்பவரா? விலை உயர்ந்த பொருள் யாவும் மதிப்புடையனவா? பொருளியல் அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாக்களை முக்கால் மணி நேரத்தில் முடியும் பலகை விளையாட்டு ஒன்று நம்முன் வைக்கிறது. அவ்விளையாட்டின் அமைப்பையும் அது உணர்த்தும் பொருளியல் உண்மைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

விளையாட்டின் தோற்றம்

கடையில் விற்கும் பொருளுக்கு விலை முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். ஏலத்திலோ, விலை அவை நடுவே பிறக்கிறது. வாங்க விழைவோர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்தில் ஒரு மதிப்பை வைத்திருப்பர். பிறர் மனத்தில் உள்ளதை அறியார். இவ்வறியாமையே ஏலத்தின் உயிர்நாடி. அதனையே விளையாட்டாக்கியவர் ஜெர்மனி நாட்டின் ரெய்னர் க்னிட்ஸியா. உல்ம் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற இவர், 1997 முதல் விளையாட்டு வடிவமைப்பையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். இவர் உருவாக்கிய ‘மாடர்ன் ஆர்ட்’ என்னும் விளையாட்டு 1992ஆம் ஆண்டு வெளியாயிற்று.

அமைப்பும் விதிகளும்

மூவர் முதல் ஐவர் வரை இதனை ஆடலாம். ஒவ்வொருவரும் ஓர் ஓவியக் கூடத்தின் உரிமையாளர். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஆட்டப்பணம் 1,00,000 வழங்கப்படும். கற்பனை ஓவியர் ஐவரின் படைப்புகள் 70 அட்டைகளாக உள்ளன. ஆட்டம் நான்கு பருவங்களாக நடைபெறும். தம் முறை வரும்போது ஒருவர் கையிலுள்ள ஓர் ஓவியத்தை ஏலத்திற்கு வைப்பார். பிறர் வாங்கினால் பணம் ஏலம் விட்டவரைச் சேரும். அவரே வாங்கினால் வங்கிக்குச் செலுத்த வேண்டும். இறுதியில் மிகுதியான பணம் வைத்திருப்பவரே வெற்றியாளர். ஒருவர் கையிருப்பைப் பிறர் காண இயலாது.

ஐவகை ஏலம்

ஓவியத்தை ஏலம் விடவேண்டிய முறை அதன் அட்டையிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

1. திறந்த ஏலம்: எவரும் எப்போதும் விலையை உயர்த்திக் கேட்கலாம்.
2. ஒரு சுற்று ஏலம்: ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாய்ப்பு, ஏலம் விடுபவர் இறுதியாகக் கேட்பார்.
3. மறைமுக ஏலம்: யாவரும் பணத்தைக் கைக்குள் மறைத்து, ஒரே நேரத்தில் விரித்துக் காட்டுவர்.
4. நிலைவிலை ஏலம்: ஏலம் விடுபவர் விலை கூறுவார், முறைப்படி முதலில் ஏற்பவர் பெறுவார். எவரும் ஏற்காவிடில் கூறியவரே வாங்க வேண்டும்.
5. இரட்டை ஏலம்: ஒரே ஓவியரின் இரு படைப்புகள் சேர்த்து விற்கப்படும்.

திறந்த ஏலத்தில் பிறர் குரலிலிருந்து அவர்தம் எண்ணத்தை ஒருவாறு உணரலாம். மறைமுக ஏலத்தில் அவ்வாய்ப்பு இல்லை. நிலைவிலையில் விற்பவரின் பேராசை அவர் தலையிலேயே விடிகிறது. விதி மாறினால் மனிதர் நடத்தையும் மாறும் என்பது இதனால் புலனாகும்.

மதிப்பு பிறக்கும் விதம்

ஏதேனும் ஓர் ஓவியரின் ஐந்தாம் அட்டை இடப்பட்டவுடன் பருவம் முடிவுறும். அப்பருவத்தில் மிகுதியான அட்டைகள் இடப்பட்ட ஓவியரின் படைப்பு ஒவ்வொன்றும் 30,000 பெறும். இரண்டாமிடத்திற்கு 20,000, மூன்றாமிடத்திற்கு 10,000. ஏனைய இருவரின் படைப்புகள் ஒரு காசும் பெறா. முதலிடம் பெற்றவரே அடுத்த பருவத்திலும் முதலிடம் பெற்றால், பழைய மதிப்பும் சேர்ந்து ஓர் ஓவியம் 60,000 ஆகும். முதல் மூவருள் இடம்பெறாவிடில், முன்பு பெற்ற புகழும் அப்பருவத்தில் பயன்படாது.

அரிய பொருளின் விலை உயரும் என்பது பொது வழக்கு. இங்கோ, மிகுதியாகச் சந்தைக்கு வந்த ஓவியமே விலை உயர்கிறது. ஓவியத்தின் அழகைப் பற்றி விதிகள் ஒரு சொல்லும் கூறவில்லை. பலரும் விரும்புவர் என்று பலரும் நம்புவதே மதிப்பாகிறது. நம்பிக்கை வேறிடம் சென்றால் மதிப்பும் உடன் செல்கிறது. கலைச் சந்தையின் மீதான மென்மையான எள்ளல் இதனுள் உள்ளது.

பாதி விலைக் கணக்கு

ஓர் ஓவியம் பருவ இறுதியில் 30,000 பெறும் என யாவரும் எதிர்பார்ப்பதாகக் கொள்வோம். அதனை ஒருவர் 20,000 கொடுத்து வாங்கினால் அவருக்கு மிஞ்சுவது 10,000. விற்றவருக்கோ 20,000 சேர்கிறது. வாங்கியவர் ஒதுங்கி நின்றவரைவிட முந்தினும், விற்றவரைவிடப் பின்தங்குகிறார். 15,000க்கு வாங்கினால் இருவர் ஆதாயமும் சமமாகும். எனவே, விலை பாதியைத் தாண்டினால் ஏலம் விடுபவருக்கு விற்பதே நலம். பாதிக்குக் கீழே நின்றால் தாமே வாங்குவது நலம். தன் இலாபத்தை மட்டும் எண்ணாது, தன் செயலால் போட்டியாளர் பெறும் ஆதாயத்தையும் எண்ணிப் பார்ப்பதே இவ்விளையாட்டின் நுட்பம்.

வென்றவரின் இழப்பு

ஏலத்தில் வென்றவர் பொருளிழப்பதும் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர் மூவர், 1971ஆம் ஆண்டு இதனை விளக்கினர். ஒரே எண்ணெய் வயலின் மதிப்பைப் பலர் கணிக்கின்றனர். சிலர் கணிப்பு குறைவாகவும் சிலர் கணிப்பு மிகையாகவும் அமையும். மிகையாகக் கணித்தவரே உயர்ந்த விலை கேட்டு வெல்வார், அதனாலேயே இழப்பார். பொருளியலார் இதனை ‘வென்றவரின் சாபம்’ என்பர். தம் கணிப்பினும் குறைத்துக் கேட்பதும், போட்டியாளர் பெருகுந்தோறும் மேலும் குறைப்பதும் இதற்குரிய காப்பு.

மறைமுக ஏலத்தில் கைகளை விரிக்கும்போது இவ்வுண்மை கண்முன் தோன்றும். அடுத்தவர் 12,000 வைத்திருக்க, ஒருவர் 28,000 வைத்து வென்றால், அவ்வெற்றியில் மகிழ்வதா வருந்துவதா என அவர் திகைப்பார். வாழ்விலும் நிலம், பங்கு முதலியவற்றைப் பிறர் விரும்புகின்றனர் என்பதற்காகவே விலை கேளாது வாங்குவோர் உளர். விளையாட்டில் இழப்பது ஆட்டப்பணம். வாழ்வில் இழப்பது உழைப்பின் பயன். எவ்விலையில் நிறுத்த வேண்டும் என்பதை ஏலம் தொடங்குமுன்னரே உறுதி செய்துகொள்பவர், ஆரவாரத்தில் தம்மை இழப்பதில்லை.

தெரியுமா?

‘ஏலம்’ என்னும் சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. ஏலங்களைப் பற்றிய கோட்பாட்டிற்கு வில்லியம் விக்ரி 1961ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை அடித்தளமிட்டது. அவர் 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஏலக் கோட்பாட்டை வளர்த்தமைக்காகப் பால் மில்கிரமும் ராபர்ட் வில்சனும் 2020இல் அப்பரிசைப் பெற்றனர்.

கற்பவை கற்றபின்

வகுப்பில் ஒரு கண்ணாடிக் குடுவையில் புளியங்கொட்டைகளை நிரப்பி, அவற்றின் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் தனித்தனியே கணித்து எழுதுக. மிக உயர்ந்த கணிப்பை உண்மை எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, ‘வென்றவரின் சாபம்’ குறித்துக் கலந்துரையாடுக.

குறுவினா

1. நிலைவிலை ஏலத்தில் விற்பவருக்கு நேரக்கூடிய இடர் யாது?
2. பருவம் எப்போது முடிவுறும்?

சிறுவினா

ஓர் ஓவியம் 40,000 பெறும் எனில், எவ்விலைக்கு மேல் அதனை விற்பது ஏலம் விடுபவருக்கு நலம்? கணக்கிட்டு விளக்குக.

நெடுவினா

விலையும் மதிப்பும் வேறுபடும் இடங்களை இப்பாடத்தின் துணைகொண்டு விவரிக்க.